புதிய பதிப்பு 1.11

கண்டி பஸ் தரிப்பிடங்களைச் சொல்லும் செயலியில் பேசுவது பிறையனின் குரல். அவன் விபத்தில் இறந்தபின் மனைவி ஜெஸ்மின் தனியாக 1.10 பதிப்பை வெளியிட்டாள். போனோ பழைய 1.9தான் பெரியது என்றது. புள்ளிக்குப் பின்னால் இருந்ததை நிரல் தசமமாகப் படித்து, 1.10ஐ வெறும் 1.1 என்று எடுத்திருந்தது. திருத்தினாள்.

"இப்ப சரியா?" என்றாள் பக்கத்து மேசை றோஸ்.

"இல்லக்கா, 1.11 வந்திருக்குன்னு காட்டுது. நான் அப்படி ஒண்ணு செய்யவே இல்ல."

அதைப் போனில் ஏற்றிக்கொண்டு கட்டுகஸ்தோட்ட பஸ்ஸில் போனாள். அவனைப் புதைத்த மஹய்யாவ மயானம் வந்ததும் குரல் சொன்னது:

"ஜெஸ்மின், நான் இங்க இறங்கணும். பஸ்ஸ நிப்பாட்ட மாட்டேங்கிறாங்க."

பதறி மணியடித்தாள். பஸ் நின்றது. அவள் மட்டும் இறங்கியதும் பஸ் புறப்பட்டது. கையிலிருந்த போனில் அவன் குரல் அடுத்தடுத்த தரிப்பிடங்களைச் சொன்னபடி தூரமாகிக்கொண்டே போனது.