காட்டுக்குள் போன பந்து

"அங்கிள், இது காட்டு கோர்ஸ். மலை வேற. இங்க தூரமா அடிக்கறது முக்கியமில்ல," காரை ஓட்டிக்கொண்டே சுஹாஸ் சொன்னான். "பெரிய மட்டையைத் தொடவே கூடாது. புல்வெளி திரும்பற வளைவு வரைக்கும் சின்னதா அடிச்சு நிறுத்தணும். மரத்துக்குள்ள போயிட்டா, சந்து தெரியுதேன்னு முன்னால அடிக்க ஆசைப்படக் கூடாது. பக்கவாட்டுல வெளிய எடுத்துடணும்."

"கோல்ஃப் ஆடப் போறோமா, உங்க ஆபீஸ் மீட்டிங்குக்கா?" என்றார் மாமனார் சில்வெஸ்டர்.

பின் சீட்டில் இருந்த அவன் மனைவி டீனாவுக்குச் சிரிக்க முடியவில்லை. ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டிலிருந்து கிளம்பும்போதே அப்பா சொல்லிவிட்டார். "கண்ணு சரியில்லம்மா. அடிச்ச பந்து எங்க போகுதுன்னே தெரியல. இன்னிக்கும் தொலைச்சேன்னா பேகைத் தூக்கி லாஃப்ட்ல போட்டுடுவேன்."

அம்மா போன பிறகு அவரை வீட்டை விட்டு வெளியே இழுப்பது இந்த விளையாட்டு ஒன்றுதான்.

முதல் குழி. அப்பா அடித்த பந்து இடப் பக்கம் மரங்களுக்குள் போய் விழுந்தது.

"யாரும் வர வேணாம். என் பந்தை நானே தேடிக்குவேன்," என்றார். அதில் அவருக்குப் பிடிவாதம்.

அடுத்து சுஹாஸ். பெரிய மட்டையை உருவினான். ஓங்கி அடித்தான். அதே காட்டுக்குள்.

"பெரிய மட்டையைத் தொடாதேன்னு நீதானே சொன்னே?" என்றாள் டீனா.

"கை சும்மா இருக்கல," என்று சொல்லிவிட்டு மரங்களுக்குள் ஓடினான்.

இரண்டாவது குழியில் அப்பா பந்து வலப் பக்கம் தைல மரங்களுக்குள் போனது. சுஹாஸின் பந்தும் அங்கேயே போனது. மூன்றாவதில் அப்பா அதிசயமாக நேராக அடித்தார். சுஹாஸும் சின்ன மட்டையால் அழகாக வளைவு வரை அடித்து நிறுத்தினான். டீனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அப்பாவின் ஆட்டம் அதற்கு மேல் புதிர். காட்டிலிருந்து பந்தை எப்படியோ வெளியே கொண்டுவந்துவிடுகிறார். குழிக்கு ஒரு முழம் இருக்கும்போது கோட்டை விடுகிறார். அந்த தூரத்தில் அவர் தவறி அவள் பார்த்ததே இல்லை.

நான்காவது குழியில் இருவர் பந்தும் மறுபடி காட்டுக்குள். இந்த முறை தண்ணீர் பாட்டிலோடு டீனாவும் சுஹாஸின் பின்னால் போனாள்.

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். பேண்ட் பாக்கெட்டிலிருந்து ஒரு பந்தை எடுத்து, அடிக்க வசதியான இடமாகப் பார்த்து மெல்ல நழுவவிட்டான்.

டீனாவுக்கு முகம் சுட்டது. கண் தெரியாத மனுஷனை ஜெயிக்க இப்படி ஒரு திருட்டு ஆட்டமா?

வாயைத் திறப்பதற்குள் அவன் குரல் கொடுத்தான். "அங்கிள், உங்க பந்து இங்க இருக்கு. என்னோடதுதான் காணோம்."

அப்படியானால் இவன் வேண்டுமென்றே காட்டுக்குள் அடித்ததெல்லாம் இதற்குத்தானா?

அப்பா மெதுவாகச் சரிவில் இறங்கி வந்தார். குனிந்து பந்தை எடுத்து, கட்டைவிரலால் ஒரு தடவை தடவிவிட்டு அங்கேயே வைத்தார்.

"ம். என்னுதுதான்."

பக்கவாட்டில் தட்டி வெளியே எடுத்தார். அங்கிருந்து குழிக்கு அருகே கொண்டுபோனார். ஒரு முழ தூரத்தில் மறுபடியும் தவறவிட்டார்.

"இர்லி அங்கிள், இருக்கட்டும், அடுத்ததுல பாத்துக்கலாம்," என்று சுஹாஸ் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

டீனாவால் பொறுக்க முடியவில்லை. "டாடி, இவ்வளவு கிட்டத்துல இருந்து எப்படி தவறுது?"

"அவன் பந்து போட்டதைப் பாத்துட்டே, அதானே?"

அவள் தலையாட்டினாள்.

"கண்ணுதான் மங்கல், விரல் நல்லாத்தான் இருக்கு. நான் அடிக்கறது எல்லாம் தேஞ்ச பந்து. காட்டுக்குள்ள போயிட்டு வழவழன்னு புதுசா வருது."

"அப்ப ஏன் அவர்கிட்ட சொல்லல?"

"சொன்னா பந்து போடறதை நிறுத்திடுவான். அவன் நிறுத்திட்டா நானும் ஆட்டத்தை நிறுத்தணும்." முன்னால் போகும் மருமகனைப் பார்த்தபடி அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதுக்காக ஓசியில ஜெயிக்க முடியுமா? காட்டுல அவன் கொடுக்கறதை, குழிகிட்ட நான் திருப்பிக் கொடுத்துடறேன்."