சேற்றின் மேல் ஏடு

அவள் திரும்பிப் பார்த்தாள்.

கரையோரக் கெட்டிச் சேறு முடிந்துவிட்டது. பின்னால் வந்த வனமயில் இன்னமும் இவளுடைய காலடித் தடத்திலேயே கால் வைத்து வந்துகொண்டிருந்தாள்.

கத்த வேண்டும். வாயில் இறால் பிடித்துப் போடும் பறி. தண்ணீரில் இரண்டு கையாலும் இறால் தடவ வேண்டுமே என்று பறியைப் பல்லில் கடித்தே பழக்கம். கை சும்மா இருந்தாலும் பல்லில்தான்.

துப்புவதற்குள் வனமயில் தொடைவரை இறங்கிவிட்டாள்.

"அக்கா..."

"அசையாதடீ. அசைஞ்சா இழுக்கும்."

கொழுந்தனுக்கு வந்த புதுப்பெண். நெல் விளையும் ஊர்க்காரி. நாற்று மிதிபடக் கூடாதென்று, முன்னால் போகிறவர் கால் பட்ட இடத்திலேயே கால் வைத்து வளர்ந்தவள்.

கழிமுகச் சேறு வேறு ரகம். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கக்கும் வழவழப்பு வெயிலில் பழுப்பாய் இறுகி, பாலேடு மாதிரி மேலே கிடக்கும். அந்த ஏடுதான் ஆளைத் தாங்கும்.

ஒரு தடவைதான் தாங்கும்.

மிதித்த இடம் கிழிந்துபோகும். கீழே மக்கிய இலையும் கறுப்புக் கூழும்.

இங்கே பிறந்த யாருக்கும் இதைச் சொல்ல வேண்டியதில்லை. அதனாலேயே இவளுக்கும் சொல்லத் தோன்றவில்லை. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கடல் ஏறத் தொடங்கியிருந்தது.

கிழியாத ஏட்டில் குப்புறப் படுத்து ஊர்ந்தாள். அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். அழுகல் நாற்றம் குமிழ் குமிழாய் வந்தது. வனமயில் மேலே வந்து விழுந்தாள்.

இழுத்த வேகத்தில் ஏடு கிழிந்தது. இப்போது இவள் இடுப்புவரை உள்ளே.

"தொடாத. ரெண்டு பேரும் போயிடுவோம். கரையில உங்கண்ணன் இருக்காருல்ல, கயிறு வாங்கிட்டு வா. என் தடத்த மிதிக்காத, புதுசா மிதி. முன்னால மட்டும் பாத்து நட."

தங்கையைப் பார்க்க விருந்துக்கு வந்தவர், படகு நிழலில் உட்கார்ந்திருந்தார்.

வனமயில் போனாள்.

இவள் சேற்றுக்குள் அசையாமல் நின்றாள். குலதெய்வத்துக்குக் கோழி நேர்ந்துகொண்டாள். போதாதென்று ஆடாக்கினாள். தண்ணீர் வந்து இடுப்பைத் தொட்டது.

வனமயில் கயிற்றோடு திரும்பி வந்தாள். சொன்னபடியே கிழியாத ஏட்டில் கால் வைத்து, சொன்னபடியே முன்னால் மட்டும் பார்த்து.

பின்னாலேயே அவள் அண்ணன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தங்கை மிதித்த இடமாகப் பார்த்துப் பார்த்து மிதித்து.

கெட்டிச் சேறு முடியும் இடத்துக்கு வந்துவிட்டார்.

இவள் கத்தினாள்.

காற்று கரைப் பக்கமிருந்து அடித்து, குரலைக் கடல் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தது.