செட்டுக்கு மட்டும் தனி லைன்

"சொல்லு மனோகரா, கேக்குதா இல்லையா?"

நாகேஸ்வரன் கண்ணை மூடியபடி கேட்டார். மனோகரன் ஸ்பீக்கர் பக்கம் தலையைச் சாய்த்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான்.

"லேசா கேக்குதுங்க சார்."

"லேசாவா? உம்ம்னு மண்டையைக் குடையுதுப்பா."

கீழ்வேளூரில் முப்பது வருஷம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர் நாகேஸ்வரன். கடைசி பெஞ்சில் யார் கிசுகிசுத்தாலும் திரும்பாமலே பேர் சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட காதுக்குத் தகுந்தாற்போல, ஓய்வு பெற்றதும் ஆம்ப்ளிஃபயரும் இடுப்பளவு ஸ்பீக்கர் இரண்டும் வாங்கி முன்னறையில் வைத்தார். ஆனால் மூன்று மாதமாகப் பாட்டுக்குப் பின்னால் ஓர் இரைச்சல். ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் ஒரே லைனில் ஓடுவதால் வரும் கோளாறு என்று அவரே முடிவு செய்து, நாகப்பட்டினத்தில் வயரிங் வேலை பார்க்கும் மனோகரனை வரவழைத்தார். அவரிடம் பத்தாவது படித்தவன். இன்னமும் அவர் எதிரே நாற்காலியில் உட்கார மாட்டான்.

நாலு நாளாக வேலை நடந்தது. மீட்டர் பெட்டியிலிருந்து பாட்டு செட்டுக்கென்று தடித்த வயர், அதற்கென்று ஒரு சுவிட்ச். போதவில்லை. கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுத் தனி எர்த். அதுவும் போதவில்லை. ஆம்ப்ளிஃபயரில் எரியும் சின்னச் சிவப்பு விளக்கின் மேல் சந்தேகம் வந்து, அதையும் பிடுங்கியாயிற்று. ஒவ்வொன்றும் முடிந்ததும் பாட்டுப் போடாமல் செட்டை மட்டும் போட்டுக் கேட்பார்கள். இரைச்சல் அப்படியே இருந்தது.

சலித்துப்போன நாகேஸ்வரன், இன்றைக்கும் இரைச்சல் நிற்காவிட்டால் செட்டையே கொடுத்துவிடுவதாகத் தஞ்சாவூர் நண்பர் அமிர்தலிங்கத்திடம் சொல்லியிருந்தார். ஐந்து மணிக்கு அவர் வண்டியோடு வருகிறார். இப்போது நாலேகால்.

நாகேஸ்வரனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மீட்டர் பெட்டிக்குப் போனார், வந்தார், மறுபடியும் போனார்.

மனைவி அகிலாண்டம் எட்டிப் பார்த்து, கிரைண்டரைப் போடலாமா என்று கேட்டாள். ஐந்து மணிவரை பொறுக்கச் சொன்னார்.

"தனி லைன் தனி லைன்னு நாலு நாளா சுவத்தை ஒடைச்சீங்க. இப்பவும் என் கிரைண்டர்தான் குறுக்க நிக்குதா?"

பின்கட்டில் கிரைண்டர் கடகடவென்று ஓடத் தொடங்கியது.

எர்த் குழி காய்ந்திருக்கலாம், ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம் என்றான் மனோகரன். இருவரும் கொல்லைக்கு விரைந்தார்கள். தண்ணீரை ஊற்றி, நட்டை இன்னொரு சுற்று முறுக்கிவிட்டுத் திரும்பினார்கள்.

வயலில் அறுவடை மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் நாகேஸ்வரன் ஜன்னல்களைச் சாத்தினார். ஃபேனை அவர் காலையிலேயே நிறுத்தியிருந்தார். கிரைண்டர் சத்தமும் ஓய்ந்திருந்தது. முணுமுணுத்தாலும் சொன்னதைக் கேட்டுவிட்டாளே என்று நினைத்துக்கொண்டார்.

வால்யூமை முழுக்கத் திருகினார். கண்ணை மூடினார். மனோகரன் ஸ்பீக்கர் பக்கத்தில் குந்தினான். அறையில் இருவரும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

வெகுநேரம் கழித்து நாகேஸ்வரன் தலையை ஆட்டினார்.

"போகலை. அதே உம்ம். உனக்கு?"

மனோகரன் அவர் நெற்றியில் வழிந்த வியர்வையைப் பார்த்தான்.

"ஆமாங்க சார். லேசா இருக்கு."

வாசலில் வண்டி வந்து நின்றது. நாகேஸ்வரன் எழுந்தார். ஸ்பீக்கரின் மேல் படிந்திருந்த சுண்ணாம்புத் தூளைத் துண்டால் துடைத்தார். ஒரு தரம் துடைத்தது போதாமல் இன்னொரு தரமும் துடைத்தார்.

"கழட்டுப்பா. அவர் எடுத்துட்டுப் போகட்டும்."

மனோகரன் ஸ்குரூடிரைவரை எடுத்தபோது, கையெல்லாம் மாவோடு அகிலாண்டம் வந்து நின்றாள்.

"ஊருக்கே கரண்ட் போயி கால் மணி நேரமாச்சு, மாவு பாதியில நிக்குது. நீங்க ரெண்டு பேரும் எதைக் கேட்டுக்கிட்டு இருக்கீங்க?"