அப்பன் உள்ளே விட்டானா?

கடற்பனி ஜன்னலை அடைத்துக்கொண்டிருப்பதால் நண்பகலிலேயே எங்கள் கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் மெழுகுவத்தி எரிகிறது. தவக்காலம், தட்டுகளில் உப்பு மீனும் ஓட்ஸ் ரொட்டியும். பாதிரியார் படிப்பில் எங்களில் முதல்வனான நினியன் இன்று வேதம் வாசிக்கிறான். வீட்டைவிட்டுப் போய், எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு அப்பனிடம் திரும்பி வரும் கெட்ட குமாரன் கதை. லத்தீனில் வாசித்துக்கொண்டிருந்தவன் பாதியில் நிமிர்ந்து, எங்கள் ஸ்காட்லாந்துப் பேச்சிலேயே சொல்லத் தொடங்குகிறான். மெல்லும் சத்தம் நின்றுவிடுகிறது. வேதத்தை ஊர்ப்பேச்சில் சொன்ன இதே குற்றத்துக்காகத்தான் போன வாரம் ஒரு பாதிரியாரைக் கல்லூரி வாசலில் வைத்து எரித்தார்கள். கல்லிடுக்கில் கரி இன்னும் இருக்கிறது. "லத்தீன்லயே படிப்பா," என்கிறார் கல்லூரித் தலைவர், மிக மென்மையாக. பானையோடு நிற்கும் சமையல்காரி எல்ஸ்பெத்துக்கு எதுவும் உறைக்கவில்லை. ஓடிப்போன மகன் அவளுக்கும் உண்டு. "அப்பன் உள்ள விட்டானா தம்பி? சொல்லேன்," என்கிறாள். எதிரில் இருக்கும் நான் நினியனைப் பார்த்து வேண்டாமென்று தலையசைக்கிறேன். அவன் காதுகள் சிவக்கின்றன. "தூரத்துல பாத்ததுமே ஓடிப்போய்க் கட்டிக்கிட்டாரும்மா." அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். தலைவர் வாயிற்காவலனைப் பார்க்கிறார். அவன் எழுந்து போய், யாரும் வெளியேற முடியாதபடி கதவைச் சாத்தித் தாழ் போடுகிறான். அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, நினியன் அடுத்த வரியைச் சொல்கிறான், எங்கள் பேச்சிலேயே.