காரணம் தெரியவில்லை

கெண்டக்கி சுகாதாரத் துறையில், கொலை, தற்கொலைகளின் பின்னணியைப் பதிவு செய்வது ரொவீனாவின் வேலை. ஒரே மாவட்டத்திலிருந்து வந்த ஒன்பது தற்கொலை அறிக்கைகளிலும் "காரணம் தெரியவில்லை" என்றே இருந்தது. சந்தேகம் தட்டியது. அவற்றை எழுதியவரின் அலுவலகத்துக்கு நேரிலேயே போய் நின்றாள்.

"யாரைக் காப்பாத்துறீங்க? ஓட்டுப் போட்டவங்களையா?"

மாவட்ட மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பிண விசாரணை அதிகாரி டெல்பர்ட் நிமிரவில்லை. "யாரையும் இல்ல, மேடம்."

"போன வருஷம் வரைக்கும் குடி, சண்டை, வேலை போச்சுன்னு பக்கம் பக்கமா எழுதினீங்களே! இப்ப கைக்கு என்ன ஆச்சு?"

அவர் முதல் அறிக்கையை அவள் பக்கம் தள்ளினார்.

"இது என் மக. புருஷன் பேரு இருக்கறதால உங்களுக்குத் தெரியல. தினமும் என்னோடதான் சாப்பிட்டா. அவ மனசுல இருந்ததே எனக்குத் தெரியல. அடுத்தவங்க பிள்ளைக்கு நான் என்னத்தை எழுத?"

ரொவீனா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"உங்க மகளைப் பத்திச் சொல்லுங்க" என்றாள்.