பொட்டலத்தில் பிப்ரவரி இதழ்

அலெக்சாந்திரியாவில் நான் தனியாளாக நடத்தும் கதை இதழ் இலவசம். காப்பிக்கடைகளில் அடுக்கி வைப்பேன். தன் கதையை நான் நிராகரித்த நாளிலிருந்து, ஃபலாஃபெல் வடைக் கடை பயூமி அந்த இதழ்களையெல்லாம் அள்ளிப்போய்ப் பொட்டலம் கட்டுகிறான்.

ஜனவரிக் கடைசியில் அவன் கடைக்கே போய்விட்டேன். "ஜனங்க படிக்க வச்சதை இப்படிக் கிழிக்கிறியே, வெட்கமா இல்ல?"

"எவன் படிக்கிறான் உஸ்தாத்? எண்ணெயையாவது நல்லா உறிஞ்சுது," என்று ஒரு பொட்டலத்தை என் கையில் திணித்தான்.

பிரித்தேன். சுற்றியிருந்தது பிப்ரவரி இதழ். அதை நான் இன்னும் அச்சுக்கே கொடுக்கவில்லை. முதல் பக்கத்தில் பயூமியின் கதை இருந்தது. இதழாசிரியர் என்ற இடத்தில் என் பெயருக்குப் பதிலாக எனக்குத் தெரியாத ஒரு பெயர்.

"புது ஆசிரியர் தங்கமான மனுஷன்," என்றான் பயூமி. "சாப்பிடுங்க உஸ்தாத், ஆறிடப்போகுது."