முன்னால் போக ஆசைப்பட்ட சக்கரம்

திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த மலைப்பாதையில் ஒரு சைக்கிள் ஏறிக்கொண்டிருந்தது. முன் சக்கரம் வழி நெடுகப் பார்த்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தது.

"பந்தல் முழுக்கக் கறுப்புத் திராட்சை தொங்குது. அதோ ஒயின் ஆலை. வாசலே மணக்குது."

பின் சக்கரத்துக்கு எரிச்சலாக வந்தது. "தள்ளுறது நான், வேடிக்கை பார்க்கிறது நீ. எனக்கு உன் முதுகு மட்டும்தான் தெரியுது. திரும்பும்போது நான்தான் முன்னாடி போவேன்."

உச்சியில் சைக்கிள் திரும்பியது. அப்போதும் முன் சக்கரம்தான் முன்னால் இருந்தது. பின் சக்கரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது.

ஓட்டி வந்தவருக்கோ கால் வலி தாங்கவில்லை. திராட்சை ஏற்றிக்கொண்டு கீழே போகும் வேனை நிறுத்தி, சைக்கிளை அதன் கூரைமேல் வைத்துக் கட்டினார். கட்டிய அவசரத்தில் பின் சக்கரம் முன்பக்கம் பார்த்து அமைந்துவிட்டது.

"பேசாம என் பின்னாடியே வா" என்றது அது மிடுக்காக.

முதல் வளைவிலேயே அதன் குரல் இறங்கிவிட்டது.

"ரோட்டு ஓரத்துல இவ்வளவு பெரிய பள்ளமா?"

"ஏறும்போதே பார்த்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொல்லியிருந்தா நீ தள்ளியிருப்பியா?" என்றது முன் சக்கரம்.